சீருடைக்கு முன்னால் வருகிற காகிதம்: கலிஃபோர்னியாவில் போலீஸ் படிப்பு படிக்கப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

தமிழ்நாட்டில் போலீஸ் வேலைக்குப் போகிற வழி நமக்குத் தெரியும். தேர்வு வாரியம் பரீட்சை வைக்கும், ஓடச் சொல்லும், கயிறு ஏறச் சொல்லும். ஆளை எடுத்த பிறகு சம்பளம் கொடுத்துப் பயிற்சிக்கு அனுப்பும். முதலில் வேலை, அப்புறம் பயிற்சி. இதே கணக்கோடு கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜுக்குள், அதாவது இரண்டு வருடப் படிப்பு நடத்தும் உள்ளூர் அரசுக் காலேஜுக்குள், நுழைந்தால் முதல் நாளே குழப்பம்தான்.

காரணம், அங்கே ஒரே காலேஜின் பெயரில் இரண்டு வேறு சமாச்சாரங்கள் நடக்கும். ஒன்று, ‘அட்மினிஸ்ட்ரேஷன் ஆஃப் ஜஸ்டிஸ்’ என்ற இரண்டு வருடப் பட்டப் படிப்பு. குற்றவியல் சட்டம், நீதிமன்ற நடைமுறை, சாட்சியம் என்று 60 யூனிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு). மற்றொன்று போலீஸ் அகாடமி. ‘போஸ்ட்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மாநில ஆணையம் வகுத்த அடிப்படைப் பயிற்சி அது, குறைந்தது 664 மணி நேரம். ரியோ ஹோண்டோ, கோல்டன் வெஸ்ட், சான்டா ரோசா போன்ற காலேஜ்கள் இரண்டையுமே நடத்துகின்றன. பட்டம் வாங்கினால் அகாடமி முடித்ததாக ஆகாது, அகாடமி முடித்தவருக்குப் பட்டமும் தானாக வந்துவிடாது. இரண்டையும் முடித்தாலும் வேலை கொடுக்க வேண்டிய கட்டாயம் எந்தப் போலீஸ் துறைக்கும் இல்லை. “ரெண்டு வருஷம் படிச்சா பையன் போலீஸ்” என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்ட பெற்றோர்களை நான் பார்த்திருக்கிறேன். பாவம், யாரும் அவர்களிடம் விளக்கிச் சொல்லவில்லை.

சட்டப்படி பார்த்தால் பட்டமே தேவையில்லை. பள்ளிப் படிப்பை முடித்திருந்தாலே மாநிலத்தின் குறைந்தபட்சத் தகுதி வந்துவிடும். கூடுதலாகக் கேட்கிற துறைகளும் உண்டு. அப்படியானால் பட்டம் எதற்கு? பின்னால் பதவி உயர்வுக்கும், மனம் மாறினால் வேறு வேலைக்கும் கை கொடுக்கும். நான்கு வருடப் பட்டத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால், சேரும்போதே பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போவதற்கென்றே உள்ள அசோசியேட் (இரண்டு வருட) பட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அதை முடித்தவருக்குக் கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கேம்பஸ்களில் ஓர் இடம் நிச்சயம், ஆனால் நீங்கள் ஆசைப்படும் கேம்பஸில்தான் கிடைக்கும் என்று உறுதி கிடையாது. மாநிலத்தில் வசிப்பவருக்கு யூனிட்டுக்கு 46 டாலர்தான் என்பதால் பலர் யோசிக்காமல் ஏதோ ஒரு பட்டத்தில் சேர்ந்து, அப்புறம் கவுன்சலர் அறையில் தலையைச் சொறிகிறார்கள்.

அகாடமிக்கு இரண்டு வகையில் போகலாம். ஒரு துறை உங்களை வேலைக்கு எடுத்துச் சம்பளத்தோடு அனுப்பும், நம் ஊர் மாதிரி. இல்லையென்றால் சொந்தச் செலவில் சேரலாம். சொந்தச் செலவில் போகிறவர்கள் மறந்துவிடுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. முடித்த மூன்று வருடத்துக்குள் வேலையில் சேராவிட்டால் தகுதியைப் புதுப்பிக்க மறுபடி பயிற்சிக்குப் போக வேண்டும். இன்னொன்று, துப்பாக்கி வைத்திருக்கத் தடையான குற்றப் பின்னணி எதுவும் உங்களுக்கு இல்லை என்று மாநில நீதித் துறை தரும் கடிதம். விரல்ரேகை கொடுத்து அது வந்து சேர நாளாகும். வகுப்பு தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது ஓடாதீர்கள்.

வயதிலும் ஏமாறுகிறவர்கள் உண்டு. 2022 முதல் போலீஸ் அதிகாரியாக நியமிக்கப்படக் குறைந்தபட்ச வயது 21. பதினெட்டில் அவசரப்பட்டு அகாடமி முடித்தால் அந்த மூன்று வருடக் கடிகாரம் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில் பட்டத்தை முடிக்கலாம், போலீஸ் துறையில் கேடட்டாகவோ (உதவி வேலை பார்க்கும் இளைஞர்), டிஸ்பாட்ச்சராகவோ (அவசர அழைப்பை எடுத்து ஆளை அனுப்புகிறவர்) வேலை பார்க்கலாம். குடியுரிமை விஷயத்தில் 2023 முதல் சட்டம் தளர்ந்திருக்கிறது. மத்திய சட்டப்படி வேலை செய்ய அனுமதி உள்ளவர் விண்ணப்பிக்கலாம். ஆனால் மாணவர் விசாவில் வந்தவருக்கு இது வழி திறந்துவிட்டதாக அர்த்தமில்லை. காலேஜ் கட்டணமும் அவருக்குப் பல மடங்கு.

சரி, இதுவரை சொன்னதெல்லாம் விசாரித்தால் தெரிந்துவிடும். ஆளையே கவிழ்க்கிற தவறு வேறு: பொய்.

வேலைக்கு விண்ணப்பித்ததும் ‘பர்சனல் ஹிஸ்டரி ஸ்டேட்மென்ட்’ என்று ஒரு கட்டுக் காகிதம் கையில் வரும். குடியிருந்த வீடுகள், பார்த்த வேலைகள், கடன், டிராஃபிக் டிக்கெட், போதைப் பொருள் பழக்கம், எல்லாம் எழுத வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பையன் பெட்ரோல் பங்கில் ஆறு வாரம் வேலை பார்த்து, தாமதமாக வந்ததற்காக வேலையை விட்டு அனுப்பப்பட்டவன். “ஆறு வாரம்தானே” என்று அதை எழுதாமல் விட்டுவிட்டான். பின்னணி விசாரிக்க வந்தவர் அந்தப் பங்க் முதலாளியிடமே போய் நின்றார். தாமதமாக வந்ததை யாரும் பெரிதாக எடுத்திருக்க மாட்டார்கள். மறைத்ததற்காக வெளியே போனான். நல்ல விஷயத்தை மட்டும் சொல்லிப் பழகிய நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் காகிதம் ரொம்பக் கஷ்டம்.

இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் நீதிமன்றம். பிரேடி எதிர் மேரிலாந்து வழக்கில் 1963-இல் வந்த அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கியத் தகவலை அரசுத் தரப்பு மறைக்கக் கூடாது. சாட்சி சொல்லும் போலீஸ்காரர் முன்பு பொய் சொல்லி மாட்டியவர் என்பதும் பின்னாளில் அப்படிப்பட்ட தகவலாக ஆகிவிட்டது. பொய்யர் என்று பெயர் வாங்கியவரைக் கூண்டில் ஏற்ற எந்த அரசு வழக்கறிஞருக்கும் மனம் வராது. கூண்டில் ஏற முடியாத அதிகாரியை வைத்துக்கொண்டு துறை என்ன செய்யும்?

அடுத்தது ரிப்போர்ட். உடம்பைத் தயார் செய்கிற அளவுக்கு யாரும் பேனாவைத் தயார் செய்வதில்லை. பயிற்சி வகுப்பில் ஒரு மாணவர் எழுதுகிறார்: ‘சந்தேக நபர் பதற்றமாக இருந்தார்.’ பயிற்றுநர் ‘பதற்றமாக’ என்ற சொல்லைச் சிவப்பில் வட்டமிட்டு, “நீ கண்ணால் பார்த்தது என்ன?” என்று கேட்கிறார். மாணவர் யோசித்துத் திருத்துகிறார்: ‘நான் பெயர் கேட்டபோது அவர் கை நடுங்கியது. பதில் சொல்லும் முன் மூன்று முறை வாசலைத் திரும்பிப் பார்த்தார்.’ முதல் வாக்கியம் எழுதினவரின் அபிப்பிராயம், குறுக்கு விசாரணையில் இரண்டு நிமிடம்கூடத் தாங்காது. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்து ஆங்கிலத்தில் எழுதத் தயங்குகிற பிள்ளைகள் அலங்கார நடையைத் தேடிப் போக வேண்டாம். யார், எப்போது, எங்கே, என்ன செய்தார் என்று சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினாலே போதும்.

டிவி பார்த்துச் சட்டம் கற்றுக்கொண்டு வருகிறவர்களும் நிறைய. கைது செய்த அடுத்த நொடியே மிராண்டா எச்சரிக்கையை (‘பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு’ என்று தொடங்குவது) வாசித்தாக வேண்டும், இல்லாவிட்டால் வழக்கே போச்சு என்று நினைக்கிறார்கள். 1966-இல் வந்த அந்தத் தீர்ப்பு, காவலில் வைத்து விசாரிப்பதைப் பற்றியது. கேள்வியே கேட்காமல் கைது செய்து கூட்டிப் போனால் அதை வாசிக்க வேண்டிய கட்டாயமில்லை.

உடற்பயிற்சி பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அகாடமித் தேர்வில் 500 கெஜம் ஓட்டம், ஆறடி கம்பி வேலி, ஆறடிச் சுவர், 165 பவுண்ட் பொம்மையை 32 அடி இழுப்பது, 99 கெஜம் தடை ஓட்டம். ஜிம்மில் கை மட்டும் வளர்த்தவர்கள் சுவரில் தொங்கிக்கொண்டே நிற்பார்கள்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். பல துறைகள் பொதுமக்களை ரோந்துக் காரில் ஒரு ஷிஃப்ட் கூட்டிப் போகும், ‘ரைடு அலாங்’ என்று பெயர். ராத்திரி ஷிஃப்ட் கேட்டு வாங்குங்கள். ஒரு குடும்பச் சண்டை, ஒரு காணாமல் போன சைக்கிள், சத்தமாகப் பாட்டு வைத்த ஒரு வீடு. அப்புறம் மூடிய கடை ஒன்றின் முன்னால் காரை நிறுத்தி, லேப்டாப் வெளிச்சத்தில் அதிகாரி அந்தச் சைக்கிளைப் பற்றி ஒரு மணி நேரம் டைப் செய்துகொண்டிருப்பார். அந்த ஒரு மணி நேரம் உங்களுக்குக் கொட்டாவி வருகிறதா, இல்லை எட்டிப் பார்த்து என்ன எழுதுகிறார் என்று படிக்கத் தோன்றுகிறதா என்று கவனியுங்கள்.