கச்சான் காலத்தில் சுருட்டை முடிக்கு எண்ணெய் வைக்கும் முறை

திருகோணமலையில் மே தொடங்கி செப்டெம்பர் வரை வீசும் கச்சான் காற்று, இயல்பிலேயே வறண்ட சுருட்டை முடியை மேலும் உலர்த்திச் சிலுப்பிவிடும். முடியின் வளைவுகளைத் தாண்டித் தலைத்தோலின் இயற்கை எண்ணெய் நுனிவரை இறங்காமையே அதன் வறட்சிக்கு முக்கிய காரணம் என்பதால், எண்ணெய் வேண்டியது உச்சந்தலைக்கு அன்று, நுனிக்கே.

முழுகுவதற்கு அரை மணி நேரம் முன்னர், முடியை நான்காகப் பிரித்து, நடுப்பகுதியிலிருந்து நுனிவரை தேங்காய் எண்ணெயைத் தடவுங்கள். அதிலுள்ள லோரிக் அமிலம் முடியிழைக்குள் ஊடுருவி, கழுவும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைக்கிறது. நிலாவெளியிலோ உப்புவெளியிலோ கடலில் இறங்குமுன் தடவினாலும் உப்புநீர் முடிக்குள் ஊறுவது குறையும். ஆமணக்கெண்ணெய் பிசுபிசுப்பானது, விரும்பினால் மூன்று பங்கு தேங்காய் எண்ணெயுடன் ஒரு பங்கு கலக்கலாம், தனியாகப் பூசுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

எண்ணெய் ஈரத்தைத் தருவதில்லை, இருக்கும் ஈரத்தைக் காக்கிறது. ஆகவே முழுகியபின் துவாயால் முறுக்கித் துடைக்காமல், பழைய பருத்தித் துணியால் ஒற்றி, நீர் சொட்டுவது நின்று ஈரம் மிஞ்சியிருக்கும்போதே, மூன்று நான்கு துளி நல்லெண்ணெயை உள்ளங்கைகளில் தேய்த்து, சுருள்களை நுனியிலிருந்து மேல்நோக்கிக் கசக்கிவிடுங்கள். சீப்பு வேண்டுமானால் அகன்ற பல்லுடையதாக, ஈரத்தில் மட்டும்.

பொடுகு உள்ளவர்கள் தலைத்தோலில் எண்ணெய் வைக்க வேண்டாம். பொடுகுக்குக் காரணமான பூஞ்சை எண்ணெயில்தான் செழிக்கும்.