ஷூட்டிங்கே இல்லாமல் பிரைம் டைம் சீசன் போடுவது எப்படி? 2020-இல் அமெரிக்க நெட்வொர்க்குகள் பட்ட பாட்டிலிருந்து

ஒரு சேனலின் பிரைம் டைம் அட்டவணையைப் போடுகிற வேலை உங்களுடையது என்று வைத்துக்கொள்வோம். திடீரென்று எல்லா ஷூட்டிங்கும் நின்றுவிட்டது, மறுபடி எப்போது தொடங்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை, ஆனால் இரவு 8 மணி மட்டும் தினமும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. அப்போது என்ன செய்வது? இதற்கு நம்மிடம் இருக்கும் நல்ல முன்னுதாரணம் 2020. கொரோனா வந்த அந்த ஆண்டில் ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ், சிடபிள்யூ ஆகிய ஐந்து அமெரிக்க நெட்வொர்க்குகளும் இதே இக்கட்டில் மாட்டி, ஆளுக்கொரு விதமாகச் சமாளித்தன. அவற்றைப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான்: தேதி குறிப்பதெல்லாம் அப்புறம், கையிருப்புக் கணக்குதான் முதல் வேலை.

முதலில் வழக்கமான ஓட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் எது எங்கே அறுந்தது என்று பிடிபடாது. அமெரிக்காவில் ஒரு சீசன் செப்டம்பர் கடைசியில் தொடங்கி மே மாதம் முடியும். அப்போதெல்லாம் ஜனவரி வாக்கில் புதுத் தொடர்களுக்குப் பைலட் (சோதனைக்காக எடுக்கும் முதல் எபிசோட்) ஆர்டர் கொடுப்பார்கள், மார்ச், ஏப்ரலில் அத்தனை பைலட்டுகளையும் அடித்துப் பிடித்து எடுப்பார்கள், மே நடுவில் விளம்பரதாரர்களை நியூயார்க்கில் கூட்டி 'அப்ஃபிரன்ட்' நடத்தி அடுத்த சீசன் அட்டவணையைக் காட்டுவார்கள், அதை நம்பி வரப்போகும் சீசனின் விளம்பர நேரத்தில் பெரும்பகுதி கோடைக்குள் விற்றுவிடும், ஜூலை, ஆகஸ்டில் ஷூட்டிங், செப்டம்பரில் ஒளிபரப்பு. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிகூடத் தளர்வாக இருக்காது. 2020 மார்ச் 12, 13 தேதிகளை ஒட்டி ஸ்டூடியோக்கள் மூடப்பட்டபோது நடப்பு சீசனின் கடைசி எபிசோட்களும் அடுத்த சீசனின் பைலட்டுகளும் ஒரே அடியில் நின்றுபோனதற்குக் காரணம் அதுதான். இரண்டு மாதம் முன்னாலோ பின்னாலோ வந்திருந்தால் ஏதாவது ஒரு சீசனாவது தப்பியிருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் சீசனை முதலில் முடித்து வையுங்கள்

எடுத்தவரை போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடக் கூடாது, பார்ப்பவர்களுக்கு ஒரு முடிவு வேண்டும். ஒவ்வொரு தொடருக்கும் ஷோரன்னரை (தொடரை நடத்தும் தலைமை எழுத்தாளர்-தயாரிப்பாளரை) கூப்பிட்டு, எடுத்து முடித்தவற்றில் எந்த எபிசோட் முடிவு மாதிரி நிற்கும் என்று கேளுங்கள். ஏபிசியின் 'கிரேஸ் அனாடமி' 16-ஆவது சீசனுக்கு 25 எபிசோட் திட்டமிட்டிருந்தார்கள், 21 தேறியது, அந்த 21-ஆவதையே ஏப்ரல் 9 அன்று ஃபினாலே என்று அறிவித்து முடித்தார்கள். பெரிய சேதம் தெரியவில்லை. ஏனென்றால் அந்தத் தொடருக்கு அடுத்த சீசன் உண்டு, விட்ட கதையைத் தொட்டுக்கொள்ளலாம்.

ஒட்டுமொத்தமாக முடியப்போகும் தொடர் என்றால் கணக்கு வேறு. ஃபாக்ஸின் 'எம்பயர்' திட்டமிட்ட 20-இல் 18 எபிசோடோடு ஏப்ரலில் முடித்துக்கொண்டது, ஆறு வருடம் பார்த்த ரசிகர்களுக்கு அவர்கள் நினைத்த கடைசிக் காட்சி கிடைக்கவே இல்லை. சிடபிள்யூவின் 'சூப்பர்நேச்சுரல்' 15-ஆவது சீசனோடு முடிய வேண்டியது, கடைசி இரண்டு எபிசோட் பாக்கி. சிடபிள்யூ அவசரப்படவில்லை. மிச்சமிருந்த எபிசோட்கள் அத்தனையையும் நிறுத்தி வைத்து, கடைசி இரண்டையும் எடுத்த பிறகு அக்டோபர் 8-இல் மறுபடி தொடங்கி நவம்பர் 19-இல் முடித்தது. சரக்கே இல்லாத இலையுதிர் காலத்தில் அந்தச் சேனலுக்குச் சொந்தமாக, புதிதாக, பெயர் சொல்ல ஒன்று இருந்தது என்றால் அது இந்தப் பொறுமையால்தான். ஆகவே முடியும் தொடரை நிறுத்தி வையுங்கள், தொடரும் தொடரை வெட்டுங்கள்.

நடிகர் ஒருவர் விலகப் போகிற எபிசோட் அந்த எடுக்காத பகுதியில் மாட்டியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். என்பிசியின் 'சூப்பர்ஸ்டோர்' தொடரில் நடிகை அமெரிக்கா ஃபெரேரா ஐந்தாவது சீசன் ஃபினாலேயோடு விடைபெற வேண்டியது. அந்த எபிசோடை எடுக்க முடியவில்லை. அவரை ஆறாவது சீசனின் தொடக்கத்துக்கு மறுபடி வரவழைத்து வழியனுப்பினார்கள். இதற்கெல்லாம் தேதியும் ஒப்பந்தமும் வேண்டும், கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது.

பாதி எடுத்துவிட்டு நின்ற எபிசோட் இருந்தால் 'த பிளாக்லிஸ்ட்' செய்ததைப் பாருங்கள்: எடுக்காத காட்சிகளுக்கு நடிகர்கள் வீட்டிலிருந்து குரல் கொடுத்தார்கள், படக்கதைப் பாணியில் அனிமேஷன் செய்து ஒட்டி மே 15-இல் ஃபினாலேயாகப் போட்டார்கள். 'ஆல் ரைஸ்' முழு எபிசோடையும் வீடியோ அழைப்பு பாணியிலேயே எடுத்தது. இரண்டும் ஒரு தடவைக்குத்தான் தாங்கும். வாராவாரம் இப்படிப் போட்டால் ஆள் ஓடிவிடுவார்கள், அது வேறு விஷயம்.

அலமாரியைத் திறந்து எண்ணுங்கள்

இனி அடுத்த சீசன். ஒரு தாளை எடுத்து உங்களிடம் இருப்பதையெல்லாம் எழுதுங்கள், ஆனால் ஹிட், ஃபிளாப் என்று பிரிக்காதீர்கள். முழுதாக எடிட் முடிந்து கையில் இருப்பது எது, வீட்டிலிருந்தே செய்து முடிக்கக்கூடியது எது, ஓரிடத்தில் ஆட்களை அடைத்து வைத்து எடுக்கக்கூடியது எது, செட்டும் நூறு பேரும் இல்லாமல் நகராதது எது, ஊர் ஊராகப் பயணம் போனால்தான் ஆகும் என்பது எது என்று பிரியுங்கள். ரேட்டிங்கை மறந்துவிட்டு இப்படி ஒருமுறை எழுதிப் பார்த்தாலே பாதி அட்டவணை தானாக விழும்.

முதல் வகைக்குச் சரியான உதாரணம் சிபிஎஸ்ஸின் 'தி அமேசிங் ரேஸ்' 32-ஆவது சீசன். 2018-லேயே எடுத்து முடித்தது, 2020 மே 20-இல் தொடங்குவதாகவும் அறிவித்துவிட்டார்கள். அப்புறம் யோசித்து நிறுத்தி வைத்தார்கள். நாடு நாடாக ஓடுகிற ஒரு ஷோவை அந்த ஆண்டு புதிதாக எடுக்கவே வழியில்லை, இருக்கிற ஒன்றைக் கோடையில் தீர்த்துவிட்டால் இலையுதிர் காலத்தில் என்ன செய்வது? அதேபோல, ஃபிஜியில் எடுக்க வேண்டிய 'சர்வைவர்' 41-ஆவது சீசனை அந்த ஆண்டு எடுக்க முடியவில்லை, அதன் புதன்கிழமை இடத்தில் 'அமேசிங் ரேஸ்' அக்டோபர் 14-இல் போய் உட்கார்ந்தது. 'சர்வைவர்' திரும்பி வந்தது 2021 செப்டம்பரில். முடிந்த சரக்கு கையில் இருக்கும்போது உடனே போட்டுவிடத்தான் கை பரபரக்கும். கொஞ்சம் அடக்கி, இதை எப்போது எடுக்கவே முடியாமல் போகும் என்று கேட்டு அந்த நாளுக்கு வையுங்கள்.

வீட்டிலிருந்து செய்வதில் ராஜா அனிமேஷன்தான். ஓவியர், எழுத்தாளர், குரல் நடிகர் என்று யாரும் ஒரே அறையில் இருக்க வேண்டியதில்லை. 'தி சிம்ப்சன்ஸ்', 'பாப்ஸ் பர்கர்ஸ்', 'ஃபேமிலி கை' என்று ஃபாக்ஸின் ஞாயிறு இரவு 2020 செப்டம்பர் 27-இல் எதுவுமே நடக்காத மாதிரி தொடங்கியது.

அடைத்து வைத்து எடுப்பதில் 'பிக் பிரதர்' மாதிரி ஏற்கெனவே பூட்டிய வீட்டுக்குள் நடப்பதுதான் சுலபம், அதுவே வழக்கத்தைவிடத் தாமதமாக ஆகஸ்ட் 5-இல்தான் தொடங்கியது. 'தி பேச்சலரெட்' வழக்கமாக ஊர் சுற்றும். அந்தத் தடவை கலிஃபோர்னியாவின் லா கின்டாவில் ஒரே ரிசார்ட்டுக்குள் எல்லோரையும் தனிமைப்படுத்தி, பரிசோதித்து, அங்கேயே முழு சீசனையும் எடுத்து முடித்தார்கள். ரியாலிட்டி ஷோவில் இது ஓடும். ஒரு ஷோவுக்கு ஊர் சுற்றல் வெறும் அலங்காரமா உயிர்நாடியா என்று முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

வாங்கிப் போடும்போது

அலமாரி காலியென்றால் வாங்கத்தான் வேண்டும். முதலில் உங்கள் நிறுவனத்தின் மற்றச் சேனல்களில், ஸ்ட்ரீமிங்கில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சிபிஎஸ் தன் ஸ்ட்ரீமிங் தளத்தில் 2017-இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்: டிஸ்கவரி'யின் முதல் சீசனை எடுத்து 2020 செப்டம்பரில் வியாழக்கிழமை போட்டது. அதற்கு அடுத்தபடி, அதே மொழி பேசும் பக்கத்து நாடு. கனடாவின் மருத்துவத் தொடர் 'ட்ரான்ஸ்பிளான்ட்' என்பிசிக்கும், 'கொரோனர்' சிடபிள்யூவுக்கும் வந்தது இப்படித்தான். ஏற்கெனவே ஒருமுறை ஓடியதுதானே என்று தயங்க வேண்டாம், பணம் கட்டிப் பார்க்கும் தளத்தில் ஓடியதைப் பெரும்பாலான டிவி பார்வையாளர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: வாங்கிய தொடரை உங்கள் வலுவான நாளின் நடுவில் செருகி, சொந்தத் தொடர் திரும்பி வரும்போது எடுத்தால் இரண்டு தடவை பார்வையாளரைக் குழப்புவீர்கள். வாங்கியவற்றை ஒரே நாளில் சேர்த்துப் போடுவது மேல்.

தேதியை எப்போது வாய்விட்டுச் சொல்வது

இதில்தான் எனக்குக் கொஞ்சம் கோபம். மே மாதம் சிபிஎஸ் எல்லாம் சரியாகிவிடும் என்ற தோரணையில் வழக்கமான இலையுதிர் கால அட்டவணையை அறிவித்தது. விளம்பரதாரர்களுக்கு நம்பிக்கை கொடுக்க வேண்டிய கட்டாயம் புரிகிறது. ஆனால் செப்டம்பர் வந்தபோது அதில் பெரும்பகுதி வராமல், கையில் இருந்ததையும் வாங்கியதையும் வைத்து அட்டவணையை மாற்ற வேண்டியதாயிற்று. சிடபிள்யூ அதே மே மாதம் தன் உண்மையான சீசன் 2021 ஜனவரியில்தான் தொடங்கும் என்று சொல்லிவிட்டு, இடைப்பட்ட மாதங்களை 'சூப்பர்நேச்சுர'லையும் வாங்கிய தொடர்களையும் வைத்து நிரப்பியது. ஃபாக்ஸ் தன் பெரிய தொடர் '9-1-1'-ஐ ஜனவரிக்குத் தள்ளி, ஏற்கெனவே முடித்து வைத்திருந்ததையும் வெளியில் வாங்கியதையும் முன்னால் நிறுத்தியது. சின்ன நெட்வொர்க்குக்கு நஷ்டம் குறைவு, அதனால் துணிச்சல் சுலபம் என்று வாதிடலாம், அதிலும் நியாயம் உண்டு. ஆனாலும் புரொமோ ஒட்டி, பேட்டி கொடுத்து, பிறகு மாற்றிச் சொல்வதைவிட 'நவம்பரில்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது எவ்வளவோ தேவலை. விளம்பரம் விற்கும்போதும் குறிப்பிட்ட தொடரின் பெயரை வைத்து வாக்குக் கொடுக்காமல் பார்வையாளர் எண்ணிக்கையை வைத்துப் பேசுங்கள், தொடர் வராவிட்டால் வேறு நேரம் கொடுத்து ஈடுகட்ட இடம் இருக்கும்.

விளையாட்டையும் செய்தியையும் மறந்துவிடாதீர்கள். டோக்கியோ ஒலிம்பிக் 2021-க்குத் தள்ளிப்போனதும் என்பிசிக்கு அந்தக் கோடையில் இரண்டு வாரத்துக்கு மேல் பிரைம் டைம் காலியானது, அதற்கென்று 125 கோடி டாலருக்கு மேல் விளம்பரம் விற்று வைத்திருந்தார்கள். இன்னொரு பக்கம், ஜூனில் முடிய வேண்டிய என்பிஏ கூடைப்பந்து இறுதிச் சுற்று செப்டம்பர் 30-இல் தொடங்கி ஏபிசியின் அக்டோபரைப் பிடித்துக்கொண்டது. அதற்கு மேல் அதிபர் தேர்தல் விவாதங்கள், நவம்பர் 3-இல் தேர்தல். பெரிய தொடர்கள் பல தேர்தல் கழிந்த பிறகே வந்ததைக் கவனியுங்கள்: என்பிசியின் மூன்று 'சிகாகோ' தொடர்கள் நவம்பர் 11, 'கிரேஸ் அனாடமி' 12, 'என்சிஐஎஸ்' 17. தயாராகத் தாமதமானது ஒரு காரணம்தான், ஆனால் தேர்தல் சத்தத்தில் புது எபிசோடை வீணாக்காமல் போனதும் லாபமே.

குறைந்த எபிசோடை நீட்டுவது

ஷூட்டிங் திரும்பத் தொடங்கினாலும் பழைய வேகம் வராது. 2020 செப்டம்பர் 21-இல் ஸ்டூடியோக்களும் தொழிற்சங்கங்களும் போட்ட உடன்பாட்டின்படி செட்டை வளையங்களாகப் பிரித்தார்கள். முகக்கவசம் இல்லாமல் நடிக்கும் நடிகர்களும் அவர்களோடு நெருங்கி வேலை செய்பவர்களும் இருக்கும் முதல் வளையத்தில் வாரத்துக்குக் குறைந்தது மூன்று தடவை பரிசோதனை. கூட்டக் காட்சி எடுப்பது சிரமம், ஒரு செட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற நேரம் பிடிக்கும். ஆகவே எபிசோட் எண்ணிக்கையை நீங்களே முன்கூட்டிக் குறைத்து எழுதிக்கொள்ளுங்கள்.

'என்சிஐஎஸ்' 18-ஆவது சீசனை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நவம்பர் 17 முதல் அடுத்த ஆண்டு மே 25 வரை 28 செவ்வாய்க்கிழமைகள். கையில் 16 எபிசோட். 12 வாரம் காலி. இதை ஒன்றுவிட்டு ஒன்றாகத் தெளித்தால் பார்ப்பவருக்குப் புது எபிசோட் எப்போது வரும் என்றே தெரியாமல் போகும். டிசம்பர், ஜனவரிப் பண்டிகைக் காலத்தில் ஒரு பெரிய இடைவெளி விட்டு, ரேட்டிங் உன்னிப்பாகக் கணக்கிடப்படும் நவம்பர், பிப்ரவரி, மே மாதங்களில் முடிந்தவரை தொடர்ச்சியாகப் புது எபிசோட் வருகிற மாதிரி அடுக்குங்கள், மறுஒளிபரப்பு மற்ற வாரங்களுக்கு. இன்னொரு தடவை ஷூட்டிங் நிற்கும் என்றும் வைத்துக்கொண்டே அடுக்குங்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் தொற்று எகிறியபோது 2021 ஜனவரியில் பல தொடர்கள் விடுமுறை முடிந்தும் வேலைக்குத் திரும்பவில்லை.

புதுப் பைலட்டுகளை என்ன செய்வது? சிபிஎஸ் அந்த ஆண்டு ஆர்டர் கொடுத்த பைலட்டுகளில் மூடலுக்கு முன் 'பி பாசிட்டிவ்' மட்டும் எடுத்து முடிந்திருந்தது, நவம்பரில் அட்டவணைக்கும் வந்தது. மற்றவற்றுக்குக் கேமரா வராவிட்டாலும் எழுத்தாளர்கள் இருக்கிறார்கள், இரண்டு மூன்று ஸ்கிரிப்ட் கூடுதலாக எழுதச் சொல்லுங்கள், எது தொடராகத் தாக்குப்பிடிக்கும் என்று காகிதத்திலேயே ஓரளவு தெரிந்துவிடும். பைலட்டே இல்லாமல் நேரடியாகத் தொடருக்கு ஆர்டர் கொடுத்த ஏபிசியின் 'பிக் ஸ்கை' கனடாவின் வான்கூவர் பக்கம் எடுக்கப்பட்டு நவம்பர் 17-க்கு வந்து சேர்ந்தது.

கடைசியாக, புதுப்பித்துவிட்டோம் என்று நினைக்கும் தொடர்களின் பட்டியலை ஆகஸ்ட் வாக்கில் மறுபடி எடுத்துப் பாருங்கள். 'ஸ்டம்ப்டவுன்' இரண்டாவது சீசனுக்கு ஏபிசி மே மாதம் ஒப்புதல் கொடுத்தது, தயாரிப்பு தள்ளித் தள்ளிப் போய் செப்டம்பரில் அதை ரத்தே செய்துவிட்டது. இப்படி ரத்தாகலாம் என்று தோன்றும் தொடருக்கு முன்கூட்டியே அட்டவணையில் இடம் ஒதுக்காதீர்கள், ஷோரன்னருக்கும் நேரத்தோடு சொல்லிவிடுங்கள், அவர் வேறு சேனலில் கதவைத் தட்டவாவது அவகாசம் கிடைக்கும்.