வீடு மாறும்போது பழைய வட்டியையும் கொண்டுபோக

மட்டக்களப்பில் கல்லடி வீட்டை விற்று ஆரையம்பதிக்குப் போக முடிவெடுத்தபோது எங்களுக்கு 32 லட்சம் கடன் மிச்சம். 2021இல் 9 சதவீத நிலையான வட்டிக்கு எடுத்தது. அடுத்த வருடம் ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. அந்த 9 சதவீதத்தைக் கைவிட மனம் வரவில்லை.

விலை பேசமுன் வங்கிக்குப் போங்கள். கடனை மூடாமல் ஈட்டை (அடமானத்தை) மட்டும் புதிய காணிக்கு மாற்றலாமா, அதே வட்டி நிற்குமா என்று கேட்டு, பதிலைக் கடிதத்தில் வாங்குங்கள். எனக்கு "ஓம், செய்யலாம்" என்று வாயால் சொன்னவர் இடமாற்றத்தில் போய்விட்டார். இரண்டு மாதம் வீண். எல்லா வங்கியும் சம்மதிக்காது. மறுத்தால், முன்கூட்டி அடைக்கும் கட்டணத்தைக் கேட்டுக் கணக்குப் பாருங்கள்.

புதிய காணியின் உறுதியை (உரிமைப் பத்திரத்தை) நொத்தாரிசிடம், அதாவது உறுதி எழுதும் சட்டத்தரணியிடம் கொடுத்து, காணி யார் யார் கைமாறியது என்று காணிப் பதிவகத்தில் 30 வருடத் தேடுதல் செய்வியுங்கள். இதில் மட்டும் அவசரம் வேண்டாம். எங்கள் பக்கம் சீதனமாக எழுதிய காணிகள் அதிகம். நாங்கள் வாங்கிய வளவில் விற்றவரின் தாய்க்குச் சீவிய உரித்து, அதாவது உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை இருந்தது. அந்த அம்மா நடுங்கும் கையால் ஒப்பம் வைத்த பிறகுதான் வங்கி அசைந்தது.

கூடுதலாகக் கடன் எடுத்தால் அந்தத் தொகைக்கு இன்றைய வட்டிதான் வரும். பழைய ஈடு விடுபட்டதைப் பதிவகத்தில் பதிந்தார்களா என்று நீங்களே போய்ப் பாருங்கள்.