முழங்கால் தேய்மானம்: வலியைக் கூட்டாமல் நாளை ஓட்டும் வழி

கால் வலிக்கிறதே என்று அசையாமல் உட்கார்ந்துவிட்டால் வலி கூடத்தான் செய்யும். முழங்காலைத் தாங்குவது தொடையின் முன்தசை. வேலை கொடுக்காவிட்டால் அது இளைத்துவிடும், சுமை முழுக்க மூட்டின் மேல் இறங்கும்.

ஆகவே எழுந்ததும் கட்டிலிலேயே தொடங்குங்கள். காலை நீட்டி, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். தொடை மேல் கை வைத்துப் பாருங்கள். தசை கல்லாக இறுக வேண்டும். 5 விநாடி பிடித்து விடுங்கள், காலுக்கு 10 முறை. மூச்சை அடக்க வேண்டாம். பயிற்சி முடிந்ததும் துண்டை எடுத்துவிடுங்கள். இரவில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குவது சுகமாக இருக்கும். ஆனால் நாளடைவில் கால் முழுதாக நீளாமல் போய்விடும்.

விறைப்புக்கு 15 முதல் 20 நிமிடம் வெந்நீர் ஒத்தடம். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் துணியில் சுற்றிய ஐஸ், 10 நிமிடம். வலிக்களிம்பு தடவிய இடத்தில் சூடு வைக்கவே கூடாது, தோல் புண்ணாகும்.

கைத்தடியில்தான் பலரும் தவறுகிறார்கள். வலிக்கிற பக்கமே பிடித்தால் உடம்பு அந்தப் பக்கமே சாயும். எதிர்க் கையில் பிடித்து, தடியையும் வலிக்கும் காலையும் சேர்த்து முன்வையுங்கள். செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேரே இருக்க வேண்டும். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். தாழ்வான இருக்கையைத் தவிருங்கள். எழும்போது விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைப் பின்னிழுத்து, முன்னால் சாய்ந்து எழுந்தால் மூட்டு அவ்வளவு நோகாது.

எவ்வளவு நடக்கலாம்? நடந்து 2 மணி நேரம் கழித்தும் வலி முன்பைவிடக் கூடுதலாக இருந்தால் மறுநாள் தூரத்தைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

வலி மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நாள்கணக்கில் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஒரே வகையில் இரண்டைச் சேர்த்து எடுப்பது இன்னும் ஆபத்து.

காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், அது வெறும் தேய்மானமாக இல்லாமல், உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் முடக்கு வாதமாகவும் இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு மூட்டு மட்டும் திடீரென வீங்கிக் கொதித்து, காய்ச்சலும் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கிருமி புகுந்திருந்தால் சில நாள்களிலேயே மூட்டு அழிந்துபோகும்.