ஏரிக்கரையில் சைக்கிள்: விட்டுப்போன உடம்பை மீட்க எட்டு வாரம்

பல வருஷம் நாற்காலியிலேயே இருந்த உடம்பு மறுபடி சைக்கிள் ஏறினால் முதலில் திரும்புவது மூச்சு. இரண்டே வாரத்தில் ரத்தத்தில் நீரின் அளவு கூடி, இதயம் ஒரு துடிப்புக்கு முன்பைவிட அதிக ரத்தத்தைத் தள்ளத் தொடங்கிவிடும். மூன்றாம் வாரம் பழைய வேகம் வந்துவிட்டதாகவே தோன்றும். ஆனால் முழங்காலையும் குதிகாலையும் பிடித்திருக்கும் தசைநாண்கள் உறுதியாக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு இழுத்த வேகத்துக்கு முட்டி ஈடுகொடுக்க முடியாத இந்த இடைவெளியில்தான் பலருடைய சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் போய் நின்றுவிடுகிறது. ஆகவே திட்டத்தை முட்டியை வைத்துப் போடுங்கள்.

மண்பாதை இதற்கு நல்ல துணை. தார்ச்சாலையில் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு ஆகும் உழைப்பு, செம்மண் கரையில் 16-17 கிலோமீட்டரிலேயே ஆகிவிடும். விழுந்தாலும் வேகம் குறைவு, பின்னால் தண்ணீர் லாரியும் வராது. வண்டியை நிலைநிறுத்தும் வேலையில் இடுப்பும் வயிறும் தாமாகவே உழைக்கும்.

நாற்பது தாண்டியவர்கள், பிரஷர் உள்ளவர்கள், படியேறும்போது நெஞ்சில் இறுக்கம் தெரிபவர்கள் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள். இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் காலை ஓட்டத்துக்கு முன் எவ்வளவு எடுப்பது என்று கேட்டு வைத்துக்கொண்டு, குளுக்கோஸ் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும்.

வண்டி

மண்பாதைக்கென்றே வரும் புது கிராவல் சைக்கிள் வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. வீட்டில் கிடக்கும் எம்டிபி (தடித்த டயர் போட்ட மலைப்பாதை சைக்கிள்) போதும். 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் போட்ட ஹைப்ரிடும் (சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான சைக்கிள்) போதும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: முன்பக்கச் சின்னப் பல்சக்கரத்தில் எத்தனை பல் இருக்கிறதோ, பின்பக்கப் பெரிய பல்சக்கரத்தில் குறைந்தது அத்தனையாவது இருக்க வேண்டும். ஏரிக்கரை ஏற்றம் குட்டையானது, ஆனால் செங்குத்து. கனமான கியரில் அதை மிதித்து ஏறும் சுமை முழுவதும் முழங்கால் சில்லின் மேல்தான் விழும்.

சீட் உயரத்துக்குக் கணக்கு உண்டு. வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, கவட்டையில் தடிமனான புத்தகம் ஒன்றை இறுக்கி வையுங்கள். அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளந்து 0.883 ஆல் பெருக்குங்கள். பெடல் தண்டுகள் இரண்டும் சேர்ந்து சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை அந்த உயரம் வர வேண்டும். 80 சென்டிமீட்டர் கால் என்றால் சுமார் 70.6. மண்பாதைக்கு அதில் ஒரு சென்டிமீட்டர் குறைத்துத் தொடங்கலாம். பிறகு முட்டிக்கு முன்னால் வலித்தால் சீட் தாழ்வு, முட்டிக்குப் பின்னால் வலித்தால் சீட் உயரம் என்று முதலில் சந்தேகப்படுங்கள். ஒரு தடவைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் மாற்றாதீர்கள். உள்ளங்கை மரத்துப்போனால் சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது காற்று. கடையில் கல் மாதிரி அடித்துக் கொடுப்பார்கள். அந்த டயர் சரளையில் துள்ளும், திருப்பத்தில் வழுக்கும், தோள்பட்டையை உலுக்கும். 75 கிலோ ஆளுக்கு, டியூப் போட்ட 40 மில்லிமீட்டர் டயரில் முன்னால் 35, பின்னால் 40 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) சரியாக இருக்கும். 2.1 இஞ்ச் எம்டிபி டயருக்கு 26, 30. எடை பத்து கிலோ கூடினால் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூட்டுங்கள். ரொம்பக் குறைத்தாலும் ஆபத்துதான்: கல்லில் இடிக்கும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டை பக்கத்துப் பக்கத்தில் விழும். அப்படி விழுந்தால் முள்ளைத் தேட வேண்டாம், காற்றைக் கூட்டுங்கள். அளவுமானி வைத்த கைப்பம்பு ஒன்று வீட்டில் இருப்பது அவசியம்.

எட்டு வாரம்

வாரம் மூன்று நாள் போதும். செவ்வாய், வியாழன், ஞாயிறு வைத்துக்கொள்ளலாம். முதல் வாரம் மூன்று நாளும் அரை மணி நேரம், சமதளத்தில்; ஒரு நாள் காலை எழுந்ததும் நாடித்துடிப்பை எண்ணி எழுதி வையுங்கள். இரண்டாம் வாரம் 35, 35, 40 நிமிடம். மூன்றாம் வாரம் ஞாயிறை ஒரு மணி நேரமாக்கி, அதில் 20 நிமிடம் மண்பாதை; போன பாதையையும் ஆன நேரத்தையும் குறித்து வையுங்கள். நான்காம் வாரம் மொத்த நேரத்தையும் 80 நிமிடத்துக்குக் குறைத்துவிடுங்கள். நன்றாக இருக்கிறதே, ஏன் குறைக்க வேண்டும் என்று தோன்றும் வாரம் அதுதான். தசைநாணுக்குத் தேற அவகாசம் கிடைப்பதும் அந்த வாரத்தில்தான். ஐந்தில் ஞாயிறு 70 நிமிடம், ஆறில் 85, பாதி மண்ணில். ஏழாம் வாரம் வியாழனன்று மட்டும் இரண்டு நிமிடம் வேகம், மூன்று நிமிடம் மெதுவாக என்று நான்கு சுற்று. எட்டாம் வாரம் மறுபடி லேசாக. எந்த வாரத்திலும் முந்தைய முழு வாரத்தைவிட (குறைத்த நான்காம் வாரத்தைக் கணக்கில் எடுக்காமல்) மொத்தத்தில் 20 நிமிடத்துக்கு மேல் கூட்டக் கூடாது.

அந்த நான்கு சுற்றைத் தவிர மற்ற நேரமெல்லாம் பேச்சுதான் அளவுகோல்: கூட வருபவரிடம் நேற்றைய மேட்ச்சை முழு வாக்கியங்களில் சொல்ல முடிய வேண்டும். இதயத்தின் உச்சத் துடிப்பைக் கண்டுபிடிக்க 220-இல் வயதைக் கழிக்கும் கணக்கு ஆளுக்கு ஆள் பத்து துடிப்புக்கு மேலும் பிசகும். அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். மிதிவேகத்தை எண்ணுங்கள். 15 விநாடியில் வலது முட்டி 20 தடவை மேலே வந்தால் நிமிடத்துக்கு 80, அது நல்ல வேகம். 15 தடவைக்குக் கீழே போனால் கியரை இறக்குங்கள்.

வாரத்தில் இரண்டு நாள் வீட்டுப் படிக்கட்டில் ஒரு வேலை: ஒற்றைக்காலில் நின்று, மற்ற காலை அடுத்த படிக்கு மூன்று விநாடி எடுத்து மெல்ல இறக்குங்கள். காலுக்கு எட்டு, மூன்று சுற்று. முட்டியைக் காப்பாற்றுவதில் இதற்கு ஈடாக விலை உயர்ந்த சாமான் எதுவும் இல்லை.

வெயில், தண்ணீர், டிபன்

சென்னையில் ஜூனில் 5:40 மணி வாக்கில் விடியும், ஜனவரி கடைசியில் 6:35 ஆகிவிடும். விடியும்போது கிளம்பி எட்டரைக்குள் வீட்டில் இருங்கள். வெயிலுக்கு உடம்பு பழகப் பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும். ஏப்ரல், மே மாதத்தில் தொடங்குபவர்கள் மேலே சொன்ன நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். இங்கே புழுக்கம்தான் முக்கிய எதிரி. வியர்வை ஆவியாகாமல் வழிந்தால் உடம்பு குளிராது.

மணிக்கு 500 முதல் 750 மில்லி தண்ணீர். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் ஒரு பாட்டிலில் ஓஆர்எஸ், பொட்டலத்தில் சொன்ன அளவுத் தண்ணீரில். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்: ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் பாக்கி என்று அர்த்தம். வெயிலில் மயிர்க்கூச்செறிந்து குளிர்வதுபோல் இருந்தாலோ, தலை சுற்றினாலோ அங்கேயே நிழலில் உட்கார்ந்து தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றுங்கள். பேச்சு குழறினால் 108-ஐ அழைக்க வேண்டும்.

கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம் போதும். நிதானமான ஒரு மணி நேரத்துக்குச் செலவாவது ஏறக்குறைய 400 கலோரி. திரும்பும் வழியில் நெய்ப் பொங்கலும் இரண்டு வடையும் சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். எடை குறையவில்லை என்று சொல்பவர்கள் முதலில் அந்தத் தட்டைப் பாருங்கள்.

எங்கே, எப்படி

திருப்போரூர், செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்துக் கிராம ஏரிக்கரைகள் பழகுவதற்கு ஏற்றவை. நன்மங்கலம், வண்டலூர் காப்புக்காடுகளுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழையாதீர்கள். செம்பரம்பாக்கம், புழல் போன்ற குடிநீர் ஏரிகளில் காவலில் இருப்பவர் கூடாது என்றால் திரும்பிவிடுங்கள். கரையில் ஆடு மாடு எதிரே வந்தால் இறங்கி நின்று வழிவிடுங்கள். நாய் துரத்தினாலும் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள்.

சரளையில் முழங்கை மடங்கியே இருக்கட்டும், பிடி தளர்வாக. பார்வை ஏழெட்டு மீட்டர் முன்னால். பிரேக்கைத் திருப்பத்துக்கு முன்பே பிடித்து முடித்துவிடுங்கள். திருப்பத்துக்குள் முன் பிரேக்கைத் தொட்டால் முன்சக்கரம் நழுவிவிடும். ஏற்றத்தில் எழுந்து நின்றால் பின்சக்கரம் சுழன்றுபோகும், சீட்டின் நுனியில் உட்கார்ந்தே ஏறுங்கள். கோவளத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்பு மணலில் இதற்கு நேர்மாறு: எடை பின்னால், லேசான கியர், ஹேண்டில்பாரை வெட்டித் திருப்பாமல் நேராக மிதித்துப் போக வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் களிமண் கரையை விட்டுவிடுங்கள். மண் டயரில் அப்பி, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கை அடைத்து, சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். ஈரக்கரையில் விழும் டயர் தடத்தில் தண்ணீர் ஓடி ஊர்க்காரர்களின் கரையையும் அரிக்கும். ஏரி நிரம்பிக் கலங்கலில் (உபரிநீர் வழியும் இடம்) தண்ணீர் வழிந்தால், கணுக்கால் அளவே ஆனாலும் கடக்க வேண்டாம். பாசி வழுக்கும்.

நெருஞ்சி

கரையோரத்தில் சின்ன மஞ்சள் பூ தரையோடு தரையாகப் படர்ந்திருந்தால் பாதையின் நடுவுக்கு வந்துவிடுங்கள். நெருஞ்சிக்காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கி நிற்கும். சீமைக் கருவேல முள் நீளம், தெரியும். நெருஞ்சி டயருக்குள் ஒடிந்து ஒளிந்துகொள்ளும். டியூபை மாற்றுமுன் டயரின் உட்புறத்தை ஒரு பருத்தித் துணியால் இரண்டு திசையிலும் துடையுங்கள். நூல் மாட்டும் இடத்தில் முள் இருக்கிறது. ஒன்றை எடுத்ததும் நிறுத்தாமல் முழுச் சுற்றும் பாருங்கள், பெரும்பாலும் மூன்று நான்கு இருக்கும். டியூப்லெஸ் (டியூப் இல்லாத டயர்) என்றால் 40 மில்லிமீட்டர் டயருக்கு 60 முதல் 90 மில்லி சீலன்ட், அதாவது ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம். இந்த வெயிலில் அது சீக்கிரம் காயும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். காற்றடிக்கும் வால்வு ஒல்லியான பிரெஸ்டா வகை என்றால் பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருக்கட்டும்; தெருமுனை பஞ்சர் கடையில் அது கிடைப்பது அரிது.

திரும்பி வந்ததும் செயினைத் துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு டிரை லூப் (மண் ஒட்டாத செயின் எண்ணெய்) விட்டு, மேலே நிற்பதைத் துடைத்துவிடுங்கள். மேலே எண்ணெய் நின்றால் செம்மண் ஒட்டிச் செயினை அரமாக அராவும். கடலோரம் போய் வந்த அன்று நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

எட்டாம் வார ஞாயிறன்று மூன்றாம் வாரம் போன அதே கரையில், அதே காற்று அழுத்தத்தில், அதே பேச்சு வேகத்தில் போய் நேரத்தைக் குறியுங்கள். மறுநாள் எழுந்ததும் படுக்கையில் இருந்தபடியே நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணி, முதல் வாரத்து எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் குறைந்திருந்து, படி இறங்கும்போது முட்டியும் சும்மா இருந்தால் ஞாயிறு ஓட்டத்தை இரண்டு மணி நேரத்துக்குக் கொண்டுபோகலாம். முட்டி பேசினால் ஐந்தாம் வாரத்திலிருந்து மறுபடி.