போதை விழிப்புணர்வு நோட்டீஸ் அடிக்கும் முன்

போதைப்பொருள் எதிர்ப்பு தினமான ஜூன் 26 நெருங்கினால் வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கமெல்லாம் பதாகைகள் தயாராகிவிடும். மண்டை ஓடு, ரத்தம் சொட்டும் ஊசி, கீழே 'போதை குடும்பத்துக்கே அவமானம்'. பெரிய தவறு இதுதான். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் ஒரு பையனின் அம்மா அதைப் படித்தால், அவமானம் என்பது மட்டும்தான் மனதில் நிற்கும். நோட்டீஸை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொள்வார். பக்கத்து வீட்டில் கேட்டால், பையனுக்கு மஞ்சள் காமாலை என்பார். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ, பாகாயத்தில் உள்ள சிஎம்சி மனநல மையத்துக்கோ போகும் பஸ்ஸில் அவரை ஏற வைக்காத நோட்டீஸ் எதற்கு?

அடுத்தது, 'மன உறுதி இருந்தால் விட்டுவிடலாம்' என்ற உபதேசம். ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலி மருந்துக்கு உடம்பு பழகிவிட்டால், நிறுத்தியதும் எலும்பெல்லாம் வலிக்கும், மூக்கு ஒழுகும், வயிறு போகும், தூக்கமே வராது. வைராக்கியத்தால் மட்டும் இதைத் தாண்டுவது மிகக் கஷ்டம். இன்னொரு ஆபத்தும் உண்டு. சில வாரம் நிறுத்தியவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. வீட்டில் அடைத்துவைத்த பையன் வெளியே வந்ததும் பழையபடி போட்டுக்கொண்டால் மூச்சே நின்றுவிடலாம். உயிர் காக்கும் இந்தத் தகவலைக் கட்டாயம் எழுதுங்கள்.

இந்தப் பழக்கத்திலிருந்து மீள டாக்டர்கள் தரும் மருந்துகளான புப்ரினார்பின், மெத்தடோன் இரண்டும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. டாக்டர் சொன்னபடி இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவரை 'இதுவும் போதைதானே' என்று மேடையில் பேசினால், கேட்டுக்கொண்டிருக்கும் அவர் மருந்தை நிறுத்திவிடக்கூடும்.

பொத்தாம்பொதுவாகப் பயமுறுத்துவதால் அடிபடுகிறவர்கள் வேறு சிலரும் உண்டு. புற்றுநோய் முற்றிய பாட்டிக்கு டாக்டர் கடும் வலிக்கான மார்பின் மருந்தை எழுதிக் கொடுத்தால், 'ஐயோ, போதை மருந்து' என்று வீட்டார் தர மாட்டார்கள். பாட்டி விடிய விடிய முனகிக்கொண்டே கிடப்பார்.

போலீஸ் பிடிக்கும் என்று மட்டும் மிரட்டாதீர்கள். சிறிய அளவு போதைப்பொருளோடு பிடிபட்ட, போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற, 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு வழி தருகிறது. அப்புறம், மீண்டு வந்தவரைப் பெயர், தெரு சொல்லி மேடையேற்றாதீர்கள். நாளைக்கு அவர் வேலை தேட வேண்டும், கல்யாணம் பேச வேண்டும்.

போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மனாஸ் 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. நாலு பேர் பார்க்க நின்று எண்ணைக் குறித்துக்கொள்ள யாருக்கும் கூச்சமாக இருக்கும். அதனால் நோட்டீஸின் அடியில் எண்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாக, போகிற போக்கில் கிழித்து எடுத்துக்கொள்ளும்படி அச்சடியுங்கள்.