மழைக்காலத்தில் மாவட்ட நிர்வாகத்தின் சமூக ஊடகப் பக்கத்தை நடத்துவது எப்படி?

ஆட்சியர் அலுவலகம் போடும் பதிவு அந்தப் பக்கத்திலேயே தங்குவதில்லை. பத்து நிமிடத்தில் தெரு வாட்ஸ்அப் குழுவுக்கும் அபார்ட்மென்ட் குழுவுக்கும் போய்விடும். யார் போட்டது, எப்போது போட்டது என்பதெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடும். ஆகவே எந்தப் பதிவும் தனியாகப் பிய்த்து எடுத்தாலும் முழுத் தகவலாக நிற்க வேண்டும். கீழே வரும் முறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

செப்டம்பருக்குள் முடிக்க வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கும். அதற்கு முன்பே கணக்கின் சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். பல அலுவலகங்களில் பக்கத்தைத் தொடங்கியவர் ஓர் ஒப்பந்தப் பணியாளராக இருப்பார். ஓடிபி இன்னமும் அவருடைய சொந்த செல்போனுக்கே போகும். அவர் வேலையை விட்டுப் போன பிறகு, மழை கொட்டும் இரவில் கணக்கு பூட்டிக்கொண்டால் திறக்க ஆளில்லை. அலுவலகச் சிம், அரசு மின்னஞ்சல், குறைந்தது மூன்று அட்மின்கள், இரண்டடுக்குப் பாதுகாப்பு ஆகிய நான்கையும் உறுதிசெய்யுங்கள். கணக்கின் பெயர் பதவியின் பெயராக இருக்கட்டும். ஆட்சியர் மாறுவார், பின்தொடர்பவர்கள் மாறக் கூடாது.

எக்ஸ் தளத்தில் நீல டிக்கை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம். அரசுக் கணக்குக்கு உரியது சாம்பல் நிற டிக். அதற்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

எந்தத் தளத்தில் எதைப் போடுவது என்பதில் அதிகம் குழம்ப வேண்டாம். எக்ஸில் செய்தியாளர்களும் தன்னார்வலர்களும் வானிலை ஆர்வலர்களும் இருப்பார்கள். ஊர் மக்களை எட்ட வாட்ஸ்அப் சேனல்தான் வழி. பழைய பிராட்காஸ்ட் லிஸ்டை நம்பாதீர்கள்: ஒரு பட்டியலில் 256 பேர்தான் அடங்குவார்கள், அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். சேனலில் அந்தத் தடைகள் இல்லை. ஆனால் மக்கள் அங்கே பதில் எழுத முடியாது. எனவே உதவி எண் இல்லாத பதிவைச் சேனலில் போடவே போடாதீர்கள்.

பதிவை எழுதும் விதம்

கையெழுத்திட்ட பத்திரிகைச் செய்தியை ஸ்கேன் செய்து இரண்டு பக்கப் படமாகப் போடும் பழக்கத்தை முதலில் விடுங்கள். 'மாண்புமிகு' என்று தொடங்கி விஷயத்துக்கு வருவதற்குள் செல்போன் திரை முடிந்துவிடும். அது கோப்புக்கு; மக்களுக்கு வேறு எழுத வேண்டும். சென்னைக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி திறப்புக்கான மாதிரி ஒன்று:

"(தேதி, கிழமை), மாலை 4 மணி. செம்பரம்பாக்கம் ஏரி 6 மணிக்குத் திறக்கப்படுகிறது. காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கத்தில் அடையாற்றங்கரையில் இருப்போர் 6 மணிக்குள் முகாமுக்கு வாருங்கள். ஆற்றில் இறங்காதீர்கள். உதவிக்கு 1077. காஞ்சிபுரம் ஆட்சியர்."

இதில் நொடிக்கு எத்தனை கன அடி தண்ணீர் வெளியேறும் என்ற கணக்கு இல்லை என்பதைக் கவனியுங்கள். 2015 டிசம்பர் 1 இரவு இந்த ஏரியிலிருந்து திறக்கப்பட்டது நொடிக்கு 29,000 கன அடி. கரையில் குடியிருப்பவருக்கு அந்த எண்ணை வைத்துத் தண்ணீர் தன் வாசலுக்கு வருமா வராதா என்று கணக்கிடத் தெரியாது. ஊர்ப் பெயரும் கெடு நேரமும்தான் அவரை எழுந்து நடக்க வைக்கும். கன அடியைச் செய்தியாளர்களுக்கான பதிவில் கொடுங்கள்.

'இன்று', 'நாளை' என்று மட்டும் எழுதாதீர்கள். நாளைக்கு அது பொய்யாகிவிடும். தேதியும் கிழமையும் சேர்ந்தே வரட்டும்.

எக்ஸில் 280 குறிகள்தான். தமிழில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியே எண்ணப்படுவதால் 'வெள்ளம்' என்ற நான்கு எழுத்துச் சொல் ஏழாகக் கணக்காகும். இருபத்தைந்து சொல்லுக்குள் முடித்தால் பெரும்பாலும் அடங்கும். படத்தில் இருக்கும் அதே வாசகத்தைத் தட்டச்சும் செய்து போடுங்கள்; பார்வையற்றோரின் திரைவாசிப்பான் படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் படிக்காமல் விட்டுவிடலாம். அலுவலகப் பிரிவில் வானவில் என்ற பழைய எழுத்துருவில் அடித்துத் தரும் வாசகத்தை அப்படியே ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாக வரும். எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்டுங்கள். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது, பிரிவு மேசைகளுக்கு அது இன்னும் முழுதாய்ப் போய்ச் சேரவில்லை.

மழை அறிவிப்பைச் சொந்தமாகக் கணிக்காதீர்கள். வானிலை ஆய்வு மையம் சொன்னதை, சொன்ன நேரத்தோடு, அப்படியே கொடுங்கள். அதன் அளவுகோலில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. மூன்றையும் 'பலத்த மழை' என்று ஒரே சொல்லில் அடக்குவது பெரிய தவறு.

விடுமுறை அறிவிப்பு

வருடத்திலேயே அதிகம் பேர் ஆட்சியர் பக்கத்தைத் திறப்பது இதற்காகத்தான். போலிகள் அதிகம் உலவுவதும் இதில்தான். பெரும்பாலும் அவை போன வருடத்து உண்மையான அறிவிப்பு அட்டைகள் (படங்கள்). தேதியை மூலையில் சிறிதாகப் போட்டால் வெட்டி எடுத்துவிடுவார்கள். அட்டையின் நடுவில், விடுமுறை என்ற சொல்லின் மேலேயே தேதியைப் பதியுங்கள். பள்ளிகளுக்கு மட்டுமா, கல்லூரிகளுக்குமா, மாவட்டம் முழுக்கவா, சில வட்டங்களுக்கு மட்டுமா என்பதும் அதிலேயே இருக்க வேண்டும்.

முடிவு காலை 6 மணிக்குள் வெளிவர வேண்டும். ஏழரைக்கு அறிவித்தால் பிள்ளைகள் வேனில் பாதி வழியில் இருப்பார்கள். விடுமுறை இல்லையென்றாலும் 'இல்லை' என்று பதிவிடுங்கள். மௌனம்தான் வதந்திக்கு இடம் கொடுக்கிறது. மாணவர்களின் 'சார், லீவு ப்ளீஸ்' கமெண்டுக்கு ஒரு கலகலப்பான பதில் போடலாம், தப்பில்லை. ஆனால் எங்கோ வீட்டுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த வேடிக்கை வேண்டாம்.

போலி அட்டையை மறுக்கும்போது அதை முழுசாக மறுபதிவு செய்யாதீர்கள். அட்டையின் குறுக்கே 'பொய்' என்று பெரிதாக முத்திரை குத்தி, முதல் வரியில் உண்மையைச் சொல்லுங்கள்.

உதவி கேட்டு வரும் பதிவுகள்

உண்மையான சோதனை இங்கேதான். 2023 டிசம்பர் 17, 18-ல் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்தபோது சுற்றுவட்டாரத்தில் பல இடங்களில் செல்போன் சேவையே இல்லை. இப்படியான நேரத்தில் உதவி கேட்பவர் வெளியூரில் இருக்கும் மகனாகவோ மகளாகவோ இருப்பார். மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077-ஐ வெளியூரிலிருந்து அழைக்க மாவட்டத்தின் எஸ்.டி.டி. குறியீட்டையும் சேர்க்க வேண்டும். அந்த எண்ணை முழுதாக எழுதிய பதிவைப் பக்கத்தின் உச்சியில் பின் செய்து வையுங்கள்.

ஒரே வீட்டுக்காக இருபது பேர் டேக் செய்வார்கள். எனவே எல்லாவற்றையும் ஒரே தாளில் பதியுங்கள்: இடம், அடையாளம், எத்தனை பேர், முதியவர், கர்ப்பிணி, நோயாளி உண்டா, தண்ணீர் எந்த மட்டம், கடைசியாகப் பேசிய நேரம். சிக்கியிருப்பவரின் தொலைபேசி எண்ணைத் தனிச்செய்தியில் வாங்குங்கள். பொதுவில் போட்டிருந்தால் நீக்கச் சொல்லுங்கள், இல்லையேல் அழைப்புகளிலேயே அவர் பேட்டரி தீர்ந்துவிடும். ஒரு ஷிப்டுக்கு இருவர் தேவை: ஒருவர் பதில் எழுத, மற்றவர் கட்டுப்பாட்டு அறை மேசையிலேயே உட்கார்ந்து தகவலைக் கைமாற்ற. இரண்டாமவர் இல்லாத பக்கம் வெறும் தபால்பெட்டி.

'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற வரியைத் தடைசெய்யுங்கள். 'தீயணைப்புப் படகு அனுப்பப்பட்டது, 3.20' என்பதுதான் பதில். மீட்ட பிறகு அதே இழையில் 'மீட்கப்பட்டனர்' என்று மூடுங்கள். மூடாவிட்டால் அந்தப் பதிவு மூன்று நாள் சுற்றி, படகை வெறும் வீட்டுக்கு இழுக்கும்.

திட்டும் கமெண்டுகளை நீக்காதீர்கள். தனிநபர் எண்கள், சாதி மத வெறுப்பு, மோசடி நிதித் திரட்டல் இவற்றை மட்டும் மறையுங்கள். மத்திய அரசு 2012-ல் வெளியிட்ட சமூக ஊடக வழிகாட்டியே, எவ்வளவு நேரத்தில் பதில் வரும் என்பதை முதலிலேயே வரையறுக்கச் சொல்கிறது. மழை நாளில் முப்பது நிமிடம் என்று வைத்துக்கொண்டு, அதைக் காப்பாற்ற முடிகிறதா என்று தினமும் பாருங்கள். லைக் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம்.

வெள்ளம் வடிந்ததும் பக்கம் அமைதியாகிவிடுவது வழக்கம். தரைப்பாலம் மூடியதை அறிவித்தவர்கள் திறந்ததை அறிவிப்பதில்லை. மக்கள் இன்னும் பத்து கிலோமீட்டர் சுற்றிப் போய்க்கொண்டிருப்பார்கள். மூடியவை அனைத்துக்கும் திறப்புப் பதிவு போட்டீர்களா என்று பட்டியலை வைத்துச் சரிபாருங்கள். பிறகு நிவாரணத் தொகை பற்றிய கேள்விகள் குவியும். யாருக்கு, எந்த ரேஷன் கடையில், எந்தத் தேதியில் என்பதை வட்டாட்சியர் அலுவலகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு பதிவிடுங்கள்.